சும்மா பெங்களூருக்கு

ஓசூரில் இருந்துகொண்டு பெங்களூரைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். காலையில் போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வந்து படுக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. கல்யாணப் புடவை எடுக்க, விமானம் ஏறுகிற மச்சானை வழியனுப்ப என்று ஏதோ ஒரு காரியமாகப் போகாதவர்கள் கிடையாது. ஆனால் எல்லாரையும்விட அதிகம் போகிறவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான். இங்கத்து டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, "எதுக்கும் பெங்களூர்ல ஒருதடவ காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் இந்தப் பக்கத்தில் ஒருவர் காரணம் சொல்லாமல் பெங்களூர் போகிறேன் என்றால், கேட்கிறவரின் குரல் தானாக இறங்கிவிடும். "யாருக்கு?" என்பார்.

யேசுராஜ் இதை யோசிக்கவில்லை. இத்தனைக்கும் அவன்தான் முதலில் யோசித்திருக்க வேண்டியவன்.

சிப்காட்டில், வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். சில வருஷங்களுக்கு முன் ரத்தத்தில் நோய் வந்தது. பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மாதக்கணக்கில் கண்ணாடி அறைக்குள் கிடந்தான். கிருமி அண்டக் கூடாது என்று பெண்டாட்டியைக்கூட உள்ளே விடவில்லை. மத்தியானத்தில் சிறிது நேரம் பவுலினா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். மிச்சக் குடும்பமெல்லாம் போனில்தான் நடந்தது. எப்படியோ பிழைத்து வந்துவிட்டான். கம்பெனியும் அவனைக் கைவிடாமல் ஸ்டோர்ஸில் நாற்காலி போட்டு உட்கார வைத்தது. கொட்டிப் போன முடி முன்னைவிட அடர்த்தியாக, சுருள்சுருளாக முளைத்தது. அன்றிலிருந்து சட்டைப்பையில் சீப்பு இல்லாமல் வாசல் தாண்டமாட்டான். கடைக் கண்ணாடி, கார்க் கண்ணாடி, நிறுத்தி வைத்த பைக்கின் கண்ணாடி எதையும் விட்டுவைப்பதில்லை. "காலேஜ் பையன் தோத்தான் போங்க" என்பாள் பவுலினா.

போன மாதம் டாக்டர், "இனிமே ஓசூர்லயே ரத்தம் பாத்துக்கலாம், இவ்ளோ தூரம் வர வேண்டாம்" என்று சொல்லி ஃபைலை மூடிவிட்டார். அதோடு பெங்களூர் முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் அவர்கள் தெருவில் வீடு வீடாகக் கூடி ஜெபம் சொல்கிற அன்பியத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து வேன் எடுத்து பெங்களூர் சுற்றிப் பார்க்கப் போகலாம் என்று பேசி, பவுலினாவையும் கூப்பிட வந்தார்கள். பவுலினா பூண்டு உரித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: "அந்த ஊர்ல பாக்கறதுக்கு என்னக்கா இருக்கு? ஆஸ்பத்திரிதானே இருக்கு."

அவள் வருத்தமாகச் சொல்லியிருந்தால்கூட யேசுராஜ் தாங்கியிருப்பான். அவள் கடலூரில் கடல் இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். அவ்வளவு பெரிய ஊரை, உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற ஊரை, தன் நோய் ஒரு கட்டிடமாகச் சுருக்கி இவள் கையில் கொடுத்துவிட்டதே என்று நினைத்தான். உடனே முடிவு செய்தான். ஒரே ஒரு நாள், அந்த ஊரில், இவள் நோயாளியின் பெண்டாட்டியாக இல்லாமல் நடக்க வேண்டும். சும்மா போக வேண்டும், சும்மா சுற்ற வேண்டும், சும்மா திரும்பி வர வேண்டும்.

"உங்களுக்கு ஆசைன்னா போலாம். ஆனா அந்த ரோட்டுப் பக்கம் மட்டும் போகக் கூடாது" என்றாள் அவள்.

"சத்தியமா போகமாட்டோம்" என்றான்.

திட்டம் போடுவதில் யேசுராஜுக்கு ஈடு அவனேதான். கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள் ரெனிட்டாவைப் போனில் பிடித்தான். அவள் மூச்சு விடாமல் லால்பாக், கப்பன் பார்க், விதான சவுதா, அரண்மனை, மெட்ரோ, மால், சிவாஜிநகர் மாதா கோயில் என்று அடுக்கினாள்.

"ஒரே நாள்தாம்மா இருக்கு."

"அப்ப மால் வேணாம்ப்பா. அம்மா உள்ள வந்தா வெல கேட்டே மயக்கம் போட்டுடுவாங்க."

பவுலினாவுக்கு எதைச் சொன்னாலும் ஒரு பதில் இருந்தது. அரண்மனை என்றால், "யாரோ வாழ்ந்த வீட்டப் பாக்க நாம எதுக்கு டிக்கெட் எடுக்கணும்?" என்றாள். லால்பாக் பூக்கள் என்றால், "ஏங்க, தினமும் ரோசாப்பூக் கட்டிக் கட்டி வெரலெல்லாம் முள்ளு. லீவு போட்டுட்டுப் போயி அங்கயும் பூவா?" என்றாள். கெலமங்கலம் ரோட்டில் ரோஜா பேக்கிங் ஷெட்டில் வேலை செய்கிறவளிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாதுதான். பிறகு அவளே இரக்கப்பட்டு, "மரம் பாக்கலாம். அங்க பெரிய பெரிய மரமிருக்கும்" என்றாள். மாதா கோயில் என்றதும் தரையைப் பார்த்தாள்.

"என்ன, மாதாவும் வேணாமா?"

"வேணாம்னு இல்ல. நான் அங்க போயிருக்கேன்."

"எப்ப?"

"நீங்க உள்ள இருக்கும்போதுதான். நடந்தே போனேன் ஒருநாளு."

"என்கிட்ட சொல்லவே இல்லயே?"

"என்னத்தச் சொல்றது? போனேன், அழுதேன், வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

யேசுராஜ் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அந்த மாதங்களில் இவள் என்னென்ன செய்தாள் என்று தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அவனுக்கு உறைத்தது. ஒன்றே ஒன்று மட்டும் தெரியும். அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். போனில் தினமும் அந்த அறையைப் பற்றிச் சொல்வாள். மூன்றாவது மாடி. கட்டில் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஊதாப் பூ பூத்த மரம் தெரிகிறது. கூட ஒரு சேலத்து டீச்சரம்மா இருக்கிறார், பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்த நாட்களில், கண்ணை மூடினால் யேசுராஜுக்கு அந்த அறைதான் தெரியும். நான் எப்படிக் கிடந்தாலும் அவள் ஃபேனுக்கடியில் நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பில் பாதி வலி குறைந்தது என்றுகூடச் சொல்லலாம். பின்னால் செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் அந்த அறையைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறான். "இப்ப வேற யாருக்காச்சும் குடுத்திருப்பாங்க, வாங்க பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்று இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

ரோட்டில் போனால் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதனால் ரயில் என்று முடிவு செய்தான். ரயில் வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். இறங்கி மாதா கோயில், அங்கிருந்து மெட்ரோ, கப்பன் பார்க்கில் கட்டுச்சோறு, சாயங்காலம் லால்பாக் மரங்கள், மறுபடி ரயில். ராணுவத் தளபதிகூட இவ்வளவு நெளிவு சுளிவாக ஒரு ஊருக்குள் நுழையத் திட்டம் போட்டிருக்கமாட்டான்.

லீவு கேட்கப் போனபோதுதான் வினை ஆரம்பித்தது. சூப்பர்வைசர் ராஜசேகர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் எதையும் விளக்கிச் சொல்ல முடியாது.

"சார், வியாழக்கெழம ஒருநாளு லீவு வேணும். பெங்களூர் போறோம்."

ராஜசேகர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார். "மறுபடியுமா?" என்றார் மெதுவாக.

"ஐயோ, இல்ல சார். சும்மாதான்."

"சும்மான்னெல்லாம் எங்கிட்ட சொல்லாத யேசு. தைரியமா இரு. வெள்ளிக்கெழமையும் எடுத்துக்க."

அன்று மத்தியானம் கேன்டீனில் யேசுராஜின் தட்டில் கேட்காமலே இரண்டாவது முட்டை விழுந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் அவன் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். "சுத்திப் பாக்கப் போறேன்டா" என்று அவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். "பாத்துட்டு வாண்ணே, நல்லதே நடக்கும்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதைவிட மோசம். மன்றாட்டு வாசிக்கிற பெண் மைக்கில் உருக்கமாக, "மருத்துவத்திற்காக மீண்டும் பெங்களூர் செல்லும் எங்கள் சகோதரர் யேசுராஜுக்காக மன்றாடுவோம்" என்றாள். கோயிலே ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. பழக்க தோஷத்தில் யேசுராஜும் தனக்காகத் தானே சேர்ந்து சொல்லிவிட்டான். பெண்கள் வரிசையிலிருந்து பவுலினா திரும்பிப் பார்த்த பார்வையில் அவனுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச உடம்பும் கூசிப் போனது.

"நெசமாவே சும்மாதான் போறோமா?" என்று அன்றிரவு கேட்டாள். அவள் கண்ணில் சந்தேகமில்லை, பயம் இருந்தது. "எங்கயாச்சும் வலிக்குதா? என்கிட்ட மறைக்கிறீங்களா?"

"உன்மேல ஆணையா இல்ல பவுலி."

அப்படிச் சொன்ன பிறகும் அவள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். தான் போட்ட திட்டம் அவளுக்குச் சந்தோஷத்துக்குப் பதிலாகப் பயத்தைக் கொண்டுவந்துவிட்டதே என்று யேசுராஜுக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை காலை எலுமிச்சைச் சாதம் கட்டியாகிவிட்டது. பையைத் தூக்கிப் பார்த்தால் கல்லாகக் கனத்தது. திறந்து பார்த்தான். ஃப்ளாஸ்க், பிளாஸ்டிக் மக், அவனுடைய மாற்று லுங்கி, பழைய பூப்போட்ட போர்வை.

"சுத்திப் பாக்கப் போறதுக்கு மக் எதுக்கு?"

பவுலினா அப்போதுதான் பார்க்கிறவள் போலப் பையைப் பார்த்தாள். "கை தானா எடுத்து வெச்சிடுச்சி" என்றாள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தாள். போர்வையை மட்டும், "பார்க்குல விரிச்சி உக்காரலாமில்ல" என்று திரும்ப உள்ளே திணித்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கீழ்வீட்டு வெங்கடம்மாள் வந்துவிட்டாள். கையில் ஒரு பாக்கெட் ரொட்டி, இன்னொரு கையில் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் விபூதி. விடியுமுன் மலையேறிப் போய் வாங்கி வந்திருக்கிறாள். தெலுங்குக்காரி. துக்கமென்றால் அவளுக்கு இரண்டு பாஷையும் ஒன்றாக வரும்.

"ஏமீ காதும்மா, ஒண்ணும் ஆகாது, ஏமீ காது" என்று பவுலினாவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"வெங்கடம்மாக்கா, நாங்க சும்மா ஊரு பாக்கப் போறோம்!"

"எங்கிட்டயும் மறைக்கிறியாப்பா? நான் உங்க அக்கா இல்லயா?"

அவளைச் சமாதானம் செய்து, விபூதியை நெற்றியில் வாங்கிக்கொண்டு, ரொட்டியையும் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. யேசுராஜ் பிளாட்பாரத்தில் நின்று அதைப் பார்த்தான். ஊரே சேர்ந்து அன்பு காட்டினால் ஒரு மனிதன் ரயிலைக்கூடப் பிடிக்க முடியாது.

"பஸ்ஸுலதான் போவணும்" என்றான் குற்றவாளி மாதிரி.

"பரவால்ல. அந்த எடம் வந்தா நான் கண்ண மூடிக்கிறேன்" என்றாள் பவுலினா.

மெஜஸ்டிக் போகிற கர்நாடகா பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரி இடது பக்கம் வரும். அதனால் வலது பக்க ஜன்னலில் பவுலினாவை உட்கார வைத்தான். அத்திப்பள்ளி தாண்டும் வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தாபுரம் வருவதற்குள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நல்லதாகப் போயிற்று, தூங்கட்டும், தாண்டியபிறகு எழுப்பலாம் என்று அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நெரிசலில் பஸ் நின்று நின்று ஊர்ந்தது. பஸ் நிரம்பி, நிற்கிறவர்களும் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

கண்டக்டர் விசிலடித்து ஆஸ்பத்திரி ஸ்டாப்பின் பேரைச் சொன்னான். அவ்வளவுதான். பவுலினா கண்ணைத் திறந்த மாதிரிகூட இல்லை. மடியிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு, அவன் முழங்காலைத் தாண்டி, நிற்கிறவர்களைத் தோளால் விலக்கிக்கொண்டு, "அண்ணா, இளீபேக்கு, இளீபேக்கு" என்று இறங்க வேண்டும் என்பதைக் கன்னடத்தில் கத்திக்கொண்டே படியில் இறங்கிவிட்டாள். "பவுலி! ஏய், இங்க இல்ல!" என்று யேசுராஜ் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. அவனும் முண்டியடித்துக் குதிக்க வேண்டியதாயிற்று. பஸ் போய்விட்டது.

அவள் நடைபாதையில் நின்றிருந்தாள். எதிரே அதே கேட், அதே மருந்துக்கடைகள், அதே இளநீர் வண்டி. அவளுக்கு மெல்ல மெல்லப் புரிவது முகத்தில் தெரிந்தது. முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே கோணிக்கொண்டது.

"கால் தானா எறங்கிடுச்சிங்க. எவ்ளோ ஆசையா எல்லாம் ஏற்பாடு பண்ணீங்க. இந்தப் பாழாப் போன காலு…" என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

யேசுராஜுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. எத்தனை தடவை இந்த இடத்தில் இறங்கியிருந்தால் தூக்கத்திலும் கால் இறங்கும் என்றுதான் தோன்றியது. வீட்டுக்கும் இங்குமாக, துணி மாற்ற, மகளைப் பார்க்க, மறுபடி ஓடி வர என்று எத்தனை பஸ்கள். அவன் படுத்தே கிடந்த மாதங்களை அவள் ஓடியே கழித்திருக்கிறாள்.

"அடுத்த பஸ் வரும், ஏறிடலாம்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இரு. வந்ததுதான் வந்துட்டோம். உன் ரூமக் காட்டு."

"என்ன ரூமு?"

"மூணாவது மாடி. ஊதாப் பூ மரம். ஒருதடவ கண்ணால பாத்துட்டா எனக்கு நிம்மதி. அப்பறம் இந்தப் பக்கமே திரும்பமாட்டேன்."

பவுலினா ரோட்டைப் பார்த்தாள். ஒரு பஸ் வந்து நின்று போனது. அவள் ஏறவில்லை. "வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

செக்கப்புக்குப் போகும் கேட் வழியாக அவள் போகவில்லை. பக்கத்துச் சந்தில் நுழைந்து, ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தைச் சுற்றி, ஒரு சின்ன வழியாக உள்ளே கூட்டிப்போனாள். வாசலில் ஸ்டூலில் இருந்த செக்யூரிட்டி அவளைப் பார்த்ததும் எழுந்து, "ஏனம்மா, சென்னாகிதீரா?" என்று நலம் விசாரித்தான். அவளும் சிரித்துக் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். யேசுராஜை அவனுக்குத் தெரியவில்லை.

மாடிப்படி வந்ததும் யேசுராஜ் ஏறப் போனான். "மேல இல்ல" என்றாள். படிக்கட்டுக்கு அடியில், ரத்த வங்கிக்குப் போகிற நீள நடையின் மூலையில் நின்றாள். ஃபினாயில் வாசனை அடித்தது. சுவரோரமாகப் பைகளும் சுருட்டிய பாய்களுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஏதோ இன்ஷூரன்ஸ் விளம்பரப் படம் ஒட்டியிருந்தது. அதில் வெளுத்துப் போன ஒரு மரம், ஊதாப் பூக்களுடன்.

"இதுதான் ஜன்னலு" என்றாள் பவுலினா.

அவன் படத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"கட்டிலு?"

"காலைல கூட்டறவங்க வந்து எழுப்பற வரைக்கும் இங்கதான் படுப்போம். ஃபேன் இருந்துச்சிங்க, பொய்யில்ல. அதோ, அந்தக் கோடில. டீச்சரம்மாவும் நெசம்தான். இதோ இங்கதான் எங்கூடப் படுத்திருந்தாங்க. அப்பறம் அவங்க வீட்டுக்காரரு…" என்று நிறுத்திக்கொண்டாள். "நீங்க உள்ள கெடக்கும்போது வேற என்ன சொல்லட்டும்? தரைல படுத்திருக்கேன்னு சொன்னா மாத்திர ஏறுமா உங்களுக்கு?"

யேசுராஜுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக, தான் கண்ணை மூடி ஓய்வெடுத்ததெல்லாம் இல்லாத ஒரு அறையில். அதை இவள் இந்தத் தரையில் படுத்துக்கொண்டு, ஒரு விளம்பரப் படத்தைப் பார்த்துக்கொண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி அவனுக்கு அனுப்பியிருக்கிறாள். அவளை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆட்கள் இருந்தார்கள். அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அந்த மூலையில் இப்போது ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தலை வாரி எத்தனை நாளாயிற்றோ. இவர்கள் தன் இடத்தையே பார்ப்பதைக் கண்டு ஒதுங்கி இடம்விட்டாள்.

"உக்காருங்கக்கா. புதுசா வந்திருக்கீங்களா? யாருக்கு?" என்றாள்.

அந்தக் கேள்வி! இரண்டு வாரமாக ஊரெல்லாம் கேட்காமலே கேட்டு, இருவரும் பதில் சொல்லிச் சலித்த கேள்வி. சும்மா வந்தோம் என்று சொல்ல யேசுராஜ் வாயெடுத்தான். அதற்குள் பவுலினா அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு. கண்ணாடி ரூம்லதான் இருந்தாரு. இதோ நிக்கிறாரே, இவருதான்."

அந்தப் பெண் தலை தூக்கிப் பார்த்தாள். காலிலிருந்து தலைவரை பார்த்தாள். எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். ஊர் சுற்ற வருகிறவர்கள் விதான சவுதாவைக்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். பிறகு கூச்சமில்லாமல் அவன் கையை மணிக்கட்டில் பிடித்துப் பார்த்தாள்.

"இவரா? நெசமாவா அக்கா? இவரு… வேலைக்கெல்லாம் போறாரா?"

"போறாரு. முட்ட ரெண்டு திங்கறாரு. நாளு பூரா தல சீவறாரு."

அவள் பேர் சுசித்ரா. பேரிகைப் பக்கம். புருஷன் திம்மராயன் டெம்போ ஓட்டுகிறவன். அவன் உள்ளே போய் ஒரு மாதத்துக்குமேல் ஆகிறது. நாலைந்து நாளாகப் போனில்கூடப் பேசுவதில்லையாம். ஊசி போட்டால் கையை இழுத்துக்கொள்கிறானாம். "யாரும் பொழைச்சிப் போவலடி, எல்லாம் பொய்யி, என்னக் கூட்டிகிட்டுப் போயிடு" என்பதைத்தான் கடைசியாகச் சொன்னானாம்.

பவுலினா அவன் தோளிலிருந்த பையை வாங்கிப் பூப்போட்ட போர்வையை எடுத்து விரித்தாள். எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தையும் வெங்கடம்மாளின் ரொட்டியையும் பிரித்து வைத்தாள். சுசித்ரா முதலில் வேண்டாம் என்றாள், பிறகு பசியோடு சாப்பிட்டாள். மத்தியானம் கண்ணாடியில் பார்க்கிற நேரம் வரப் போகிறது. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ், ஒரே ஆள். சுசித்ரா ஜாக்கெட்டிலிருந்து கசங்கிப் போன அந்த அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கேட்கத் தயங்குகிறாள் என்று யேசுராஜுக்குப் புரிந்தது.

அவன் பவுலினாவைப் பார்த்தான். இன்னும் நேரமிருந்தது. இப்போது கிளம்பினால் மாதா கோயிலைவிட்டாலும் கப்பன் பார்க், லால்பாக் இரண்டையும் பார்த்துவிடலாம். ஆஸ்பத்திரி இல்லாத ஒரு நாள் என்று சத்தியம் செய்து கூட்டிவந்தது அவளை. அவள் வேண்டாமென்றால் எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தான்.

"இன்னிக்கி உன் நாளு பவுலி. நீ சொல்லு" என்றான்.

"அந்த மரமெல்லாம் எங்க போயிடப் போவுது?" என்றாள் அவள். "அண்ணன உள்ள அனுப்பும்மா. உன்னத்தான் உன் வீட்டுக்காரரு தெனமும் பாக்கறாரே."

சுசித்ரா அட்டையை யேசுராஜின் கையில் வைத்தாள். புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் எடுத்தான், பேசவில்லை. "ஒருத்தரு வர்றாருய்யா. உன்ன மாதிரியே உள்ள இருந்தவரு. கொஞ்சம் திரும்பிப் பாரு" என்று சொல்லிச் சொல்லி அவள் குரல் உடைந்தது.

யேசுராஜ் கிளம்பும்போது பவுலினா எழுந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "உள்ள போனதும் வெளக்குக்கு அடியில நிக்காதீங்க. கண்ணாடி மினுக்கும், அவங்களுக்கு மொகம் தெரியாது. ரெண்டாவது தூணுக்கு முன்னாடி தரையில ஒரு ஒடஞ்ச கல்லு இருக்கும். அது மேல நில்லுங்க. படுத்துகிட்டே பாத்தாலும் தெரியும்" என்றாள்.

அவன் போனான். தூண் இருந்தது. உடைந்த கல் இருந்தது. அதன்மேல் ஏறி நின்றான். கண்ணாடியை இந்தப் பக்கத்திலிருந்து அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. உள்ளே கட்டில் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது, அதில் கிடக்கிறவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று பார்த்தான். தினமும் இந்தக் கல்லின்மேல் நின்று சிரித்த முகத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள் அவள்.

உள்ளே ஒரு மொட்டைத் தலை சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது. யேசுராஜ் காத்திருந்தான். வெகுநேரம் கழித்து அந்தத் தலை மெதுவாகத் திரும்பியது. குழிவிழுந்த கண்கள் அவனைப் பார்த்தன. யேசுராஜ் என்ன சொன்னாலும் கண்ணாடிக்கு உள்ளே கேட்காது. கையை ஆட்டினான். அந்தக் கண்களில் ஒன்றும் அசையவில்லை.

அப்போது அவன் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தான். தலையைக் கொஞ்சம் குனிந்து காட்டிவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, அவசரமில்லாமல், முன்னாலிருந்து பின்னால்வரை அழுத்தி வாரினான். சுருள் முடி சீப்பில் சிக்கியது. சிக்கெடுத்து மறுபடி வாரினான்.

உள்ளே கட்டிலிலிருந்து ஒரு கை எழுந்தது. ஊசி குத்திய கை. அது மெல்ல மேலே போய்த் தன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தது.

யேசுராஜ் இன்னொரு முறை வாரி வகிடு எடுத்தான்.